குலுக்கலுக்கு முன்னால் கை தூக்கியவர்கள்

திட்டப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்பது கொஞ்சம் ஆபத்தான காரியம். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, உங்களுக்குத்தான் பசி எடுத்துவிடும். அதனால் ஒரே ஒரு திடலைப் பற்றி மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். முப்பது வருட வேலையில் நான் வாய் பிளந்து நின்ற இடம் அது ஒன்றுதான்.

முதலில் நம் ஆபீஸ் பாஷையில் ஒரு வார்த்தை. ஒரு நிலத்தில் வீடு கட்ட விண்ணப்பம் வந்தால், அதை எல்லாத் துறைகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்போம். தண்ணீர், சாலை, மின்சாரம், வடிகால் என்று ஒவ்வொருவரும் பதில் எழுதுவார்கள். அதில் எல்லோருக்கும் பிடித்த பதில் 'தடை இல்லை' என்பது. அதை எழுதியவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். 'இதுதான் சரி, இப்படிச் செய்யுங்கள்' என்று எழுதியவர் பிறகு வருடக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எத்தனையோ தாமான் குடியிருப்புகள், யாருமே 'ஆமாம்' என்று சொல்லாமல், எல்லோரும் 'தடை இல்லை' என்று சொன்னதாலேயே எழும்பி நிற்கின்றன. நீங்களும் சீக்கிரம் பழகிவிடுவீர்கள்.

ஈப்போவுக்குப் பக்கத்தில், குனோங் ராபாட்டைத் தாண்டித் தெற்கே போனால் ஒரு பழைய ரப்பர் தோட்டம் இருந்தது. ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்து, அதுவும் பாதி கைமாறி, கடைசியில் நிலத்தை ஒரு மேம்பாட்டாளர் வாங்கினார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இன்னும் குடும்பங்கள் இருந்தன. பிள்ளைகள் ஈப்போவில் தொழிற்சாலைக்கும் கடைகளுக்கும் மோட்டார் சைக்கிளில் போய்வந்தார்கள், பெற்றோர் மட்டும் அந்தப் பலகை வீடுகளிலேயே இருந்தார்கள். அவர்களுக்கு அதே நிலத்தில் வரிசை வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது விற்பனையின் நிபந்தனை. அந்தக் கோப்பு என்னிடம் வந்தது.

நான் ஈப்போவிலேயே, சிலிபினில் வளர்ந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து ரயில்வேயில் சேர்ந்தவரின் பேத்தி. தோட்டத்தை அதுவரை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். லயத்து மக்கள் என்னை 'மேடம்' என்று கூப்பிட்டார்கள். அதில் பாதி மரியாதை, மீதி 'இவளும் வந்து பேசிவிட்டுத்தான் போகப்போகிறாள்' என்ற சலிப்பு. சலிப்பை வாய்விட்டுச் சொன்னவர் லெட்சுமி அக்கா. அவருடைய கணவர் காளியப்பனுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் எடுத்திருந்தார்கள். லயத்தில் குளியலறை வெளியே, படி இறங்கிப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் அக்காதான் அவரைத் தோளில் தாங்கி இறக்குவார்.

"மேடம், எனக்குப் பெரிய ஊடு வேணாம். உள்ளுக்கே பாத்ரூம் உள்ள ஊடு ஒன்னு குடுத்தா போதும்லா. இவர அந்த ஊட்டுல ஒரு நாளாச்சும் உக்கார வைக்கணும்" என்றார் முதல் நாளே. அவர் கேட்டது அவ்வளவுதான்.

மேம்பாட்டாளரின் வரைபடம் விதிப்படி சரியாகவே இருந்தது. மேட்டிலிருந்து பள்ளம் வரை வீட்டு வரிசைகள். பள்ளத்தை மண் கொட்டி உயர்த்தி, பெரிய கால்வாய் வெட்டி, கடைசி இரண்டு வரிசைகள் அங்கே. எல்லாத் துறையும் 'தடை இல்லை' என்று எழுதியாகிவிட்டது. தயங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவன் வடிகால் துறையில் புதிதாகச் சேர்ந்த சீனப் பொறியாளன். இன்னொருத்தி நகராண்மைக் கழகத்தில் பூங்காக்களைக் கவனித்த மலாய்ப் பெண். இருவரும் ஒரு மதியம் சாப்பாட்டுக் கடையில் என் மேசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

"அக்கா, இன்றைக்குப் பெய்யும் மழைக்கு அந்தக் கால்வாய் போதும். ஆனால் மேலே இருக்கிற செம்பனைக் காடு எத்தனை நாளைக்குக் காடாகவே இருக்கும்? அதுவும் ஒரு நாள் வீடாகும், சிமெண்டாகும். அப்போது அத்தனை தண்ணீரும் எங்கே இறங்கும்?" என்றான் அவன்.

கடைசி இரண்டு வரிசைகளுக்குள் இறங்கும். அது எங்கள் எல்லோருக்குமே தெரியும். ஆனால் விதி, நிலம் இன்று இருக்கிற நிலையை வைத்துத்தான் கணக்குப் போடச் சொன்னது. நாளைக்கு மேலே வீடு வரும் என்பது நாளைய கோப்பு.

அவர்களிடம் ஒரு யோசனை இருந்தது. பள்ளத்தை உயர்த்த வேண்டாம். இன்னும் கொஞ்சம் தோண்டி, சுற்றிலும் சரிவாகப் புல் போட்டு, பிள்ளைகள் பந்து விளையாடும் திடலாக்கிவிடலாம். பெருமழை வந்தால் அந்தத் திடல் முழுகட்டும். தண்ணீர் அங்கேயே தங்கி, பிறகு மெல்ல வடியட்டும். அந்த இரண்டு வரிசை வீடுகளையும் மேலே நெருக்கிப் போட்டுவிடலாம். இப்போது இது உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் ஒருவரும் அப்படிச் செய்ததில்லை.

கூட்டத்தில் வைத்தேன். யாரும் யோசனையைக் குறை சொல்லவில்லை. வேறொரு கேள்விதான் வந்தது. இதை எதில் சேர்ப்பது? திடல் என்றால் நகராண்மைக் கழகம் புல் வெட்ட வேண்டும். நீர் தேங்கும் இடம் என்றால் வடிகால் துறை வேலி போட வேண்டும். வேலி போட்ட இடத்தில் பிள்ளைகள் விளையாட முடியாது. விளையாடும் இடத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. இரண்டு துறைகளும் ஒன்றையொன்று பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தன. வீட்டில் மீந்த குழம்பை யார் எடுத்து வைப்பது என்று நிற்கும் மாமியார் மருமகள் போல.

கூட்டத்துக்குத் தலைமை எங்கள் இயக்குநர். குள்ளமான மலாய் அம்மாள், முட்டி வலியால் ஆபீசுக்கும் விளையாட்டுக் காலணிதான் போடுவார். மேடம் என்பதற்கு மலாயில் 'புவான்', நாங்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது. அந்த வயதில் நம் ஆட்கள் எதிலும் கை வைக்க மாட்டார்கள். எது வந்தாலும் அடுத்தவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாளைக் கடத்துவார்கள். அவர் மலாயில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்.

"இது வேலை செய்யாது என்று நினைக்கிறவர் யார்?"

ஒருவரும் இல்லை.

"வேலை செய்யும், ஆனால் என் தலையில் வேண்டாம் என்கிறவர்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு, "சரி, இந்த ஓர் இடத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்போம். சோதனை முடியும்வரை அது நம் பிரிவின் பொறுப்பு. தப்பாகப் போனால் நான் வற்புறுத்தினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அந்த இரண்டு இளையவர்களையும் பார்த்து, "வரைந்து கொண்டு வாருங்கள். என்னிடம் கேட்டுக் கேட்டு வரையாதீர்கள்" என்றார். அந்தப் பையன் எழுந்து நின்றுவிட்டான். பொறுப்பை இப்படி வாங்கிக்கொள்ள முடியும் என்பதையே நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வரைபடத்தை மாற்றினால் வீடுகள் ஏறக்குறைய ஒரு வருடம் தள்ளிப் போகும். ஒப்பந்தத்தில் சொன்ன தேதி தவறினால் மக்கள் தன்மேல் பாய்வார்கள் என்று மேம்பாட்டாளர் பயந்தார். லயத்து மக்களே பெரும்பான்மையாகச் சம்மதித்தால் மாற்றத் தயார் என்றார். அது நியாயம்தான். அதற்குள் தீபாவளி நெருங்கியது. தீபாவளிக்கு முன் யாருக்கு எந்த வீடு என்று குலுக்கல் நடத்துவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சட்டமன்ற உறுப்பினர் வருவதாக இருந்தது, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பந்தல்கூடப் போட்டாயிற்று. நம் வழக்கமே அதுதானே. கட்டுவதற்கு முன்னாலேயே குலுக்கி வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டால் மக்கள் அமைதியாகிவிடுவார்கள். கையில் எண் இருப்பவர் கத்த மாட்டார்.

நானும் அப்படித்தான் திட்டம் வைத்திருந்தேன். முதலில் குலுக்கல், இனிப்பு, போட்டோ. மனம் குளிர்ந்த பிறகு அதே மண்டபத்தில் திடலைப் பற்றிப் பேசலாம். இயக்குநரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் வரைபடத்தை என் பக்கம் திருப்பினார். "மேலே இத்தனை வரிசை. கீழே இரண்டே வரிசை. குலுக்கிய பிறகு கேட்டால் மேல் வரிசைக்காரர் எதற்காக ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்? அவர் வீட்டுக்குத் தண்ணீர் வராது. கீழ் வரிசைக்காரர் கெஞ்சுவார், எண்ணிக்கையில் தோற்பார். ஒரே லயத்தில் இருந்தவர்களை நாமே இரண்டு கட்சியாக்கி விடுவோம். எந்த வீடு யாருக்கு என்று தெரிவதற்கு முன்னால் கேள்."

"மக்கள் கோபப்படுவார்கள், புவான். எண் கிடைக்கும் என்று துணிமணி எடுத்து வைத்துக் காத்திருக்கிறார்கள்."

"கோபப்படட்டும். கோபத்தோடு சரியாக யோசிக்க முடியும். எண் கையில் வந்த பிறகு முடியாது." வரைபடத்தை மடித்துக்கொண்டே சொன்னார்: "இன்னொன்று. முப்பது வருடம் கழித்து அங்கே குடியிருக்கப் போகிறவர்களுக்கு நாம் எப்போதும் எண் கொடுக்க முடியாது. அவர்கள் எந்த வரிசையில் பிறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. நம் வேலை முழுக்க அவர்களுக்காகத்தான்."

சட்டமன்ற உறுப்பினருக்கு அவரே போன் செய்து தள்ளிவைத்தார். அந்தப் பக்கத்தில் என்ன பேசினார்களோ தெரியாது. இவர் "ஆமாம், என் முடிவுதான்" என்று மட்டும் இரண்டு மூன்று தரம் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள். குலுக்கல் இல்லை என்றதும் கூச்சல் எழுந்தது. முதல் குரல் லெட்சுமி அக்காவுடையது.

"இன்னும் ஒரு வருசமா? மேடம், உங்க ஊட்டுல பாத்ரூம் உள்ளுக்குத்தானே இருக்கு? நீங்க ஒரு வருசம் சும்மா சொல்லிருவீங்க. நான் இவர ஒரு வருசம் தூக்கணும்லா!"

வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, இருந்ததை இருந்தபடி சொன்னேன். இப்போதைக்கு வெள்ளம் வராது. மேலே காடு போனால் வரும். எப்போது என்று எங்களால் சொல்ல முடியாது. வந்தால் இந்தக் கடைசி இரண்டு வரிசைக்குள் வரும். திடல் போட்டால் அதில் நிற்கும். ஆனால் வீடு தாமதமாகும். இனிப்பு எதுவும் பூசவில்லை.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார், "அந்தக் கீழ் வரிசை யாருக்கு, மேடம்?"

"தெரியாது, அண்ணே. இன்னும் குலுக்கல."

மண்டபம் அப்படியே அடங்கிவிட்டது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். நீயாக இருக்கலாம், நானாக இருக்கலாம் என்பது எல்லார் முகத்திலும் தெரிந்தது. கொள்கை, தொலைநோக்கு என்று எத்தனையோ பட்டறைகளில் உட்கார்ந்திருக்கிறேன், நீங்களும் உட்காருவீர்கள். ஒரு கூட்டம் மொத்தமும் இன்னும் வராத ஒரு மழையை நினைத்துப் பார்த்ததை நான் அங்கே மட்டும்தான் கண்டேன்.

லெட்சுமி அக்கா கணவரைப் பார்த்தார். காளியப்பன் சக்கர நாற்காலியில் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நமக்குக் கீழ விழுந்துச்சுன்னா?" என்று அவரிடம் மெல்லக் கேட்டார் அக்கா.

"தண்ணி வந்தா நீ என்னத் தூக்குவியா, சாமானத் தூக்குவியா?" என்று சிரித்தார் அவர்.

அக்கா சிரிக்கவில்லை. கையைத் தூக்கினார். "ஒரு வருசம்தானே. இருந்துட்டுப் போலாம். எழுதிக்குங்க, மேடம்." அதன்பிறகு கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. இரண்டு மூன்று பேர் கடைசிவரை தூக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கேட்டதும் நியாயமான வீடுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வரைபடத்தைக் கழற்றுவது போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இங்கேயே கதையை முடித்திருந்தால் உங்களுக்கு நல்ல பாடமாக இருக்கும். ஆனால் நடந்தது அதோடு முடியவில்லை.

வரைபடம் மாறியது. வேலை நடந்தது. பழைய தேதிப்படி வீடு கைக்கு வந்திருக்க வேண்டிய மாதம் கடந்து சில வாரங்களில் காளியப்பன் லயத்திலேயே இறந்துபோனார். சாவி கிடைக்க இன்னும் முக்கால் வருடத்துக்கு மேல் இருந்தது.

செய்தி வந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழவில்லை. போய் எந்த முகத்தோடு நிற்பது? இயக்குநர் என் அறைக்குள் வந்து, "வா, போகலாம்" என்றார். அவர் ஒருவருக்கும் எதுவும் விளக்கவில்லை. தலையில் துணியைச் சரிசெய்துகொண்டு, லயத்து வாசலில் பெண்களோடு தரையில் உட்கார்ந்தார். அந்த முட்டியோடு. திரும்பும்போது காரில் நான் கேட்டேன், "நாம் செய்தது சரிதானா, புவான்?" அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரிதான். அதற்கு விலை கொடுத்தது நாம் இல்லை. அதை மட்டும் மறந்துவிடாதே" என்றார்.

வீடுகள் முடிந்து குலுக்கல் நடந்தபோது லெட்சுமி அக்காவுக்கு மேட்டில் முதல் வரிசை விழுந்தது. எந்தக் காலத்திலும் தண்ணீர் ஏற முடியாத வீடு. திடல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். எண்ணைப் படித்தவள் நான். அக்கா வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு இயக்குநர் ஓய்வு பெற்றார். நானும் பெற்றேன். சில வருடங்களில் மேலேயிருந்த செம்பனைக் காடு, அந்தப் பையன் சொன்னபடியே, கூரையும் சிமெண்டுமாகியது. ஒரு மதியம் வானம் பிளந்துகொண்டு கொட்டியது. குனோங் ராபாட்டில் என் வீட்டு வாசலிலேயே தெரு தெரியவில்லை. மழை கொஞ்சம் விட்டதும் மனம் பொறுக்காமல் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

திடலைக் காணவில்லை. கோல் கம்பத்தின் மேல் கட்டை மட்டும் தெரிந்தது. செம்மண் நிறத்தில் அவ்வளவு தண்ணீர், நான் பார்த்துப் பார்த்துச் சரிபார்த்த வரைபடத்தில் நாங்கள் போட்ட கோட்டுக்குள், சாதுவாக நின்றது. கடைசி வரிசை வீடுகளில் ஆட்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கோப்பி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கைகூப்பத் தோன்றியது. யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை. பக்கத்தில் பந்தோடு நின்ற இளைஞர்கள் எரிச்சலில் இருந்தார்கள்.

"எவன்லா மச்சான் குழிக்குள்ள போய்த் திடல் போட்டான்? மழ பேஞ்சா ஒரு வாரம் ஆட்டம் இல்ல. மூளையே இல்லாதவனுங்க."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நீங்கள் நன்றாக வேலை செய்தால் உங்களுக்குக் கிடைக்கப் போகும் பாராட்டும் இதுதான். வராமல் போன வெள்ளத்துக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். சொல்லத் தேவையில்லாமல் இருக்கிறார்களே, அதுவே போதும்.

மேலே ஏறிப் போனேன். லெட்சுமி அக்கா வாசலில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து, "வாங்க மேடம்" என்றார். இருவரும் பக்கத்தில் நின்றோம். கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

"வருத்தமா இருக்கா, அக்கா?"

"இல்லன்னு சொன்னா பொய்லா. எனக்கு எப்படியும் இங்க தண்ணி வராது. அந்த ஒரு வருசம் இல்லன்னா அவரும் இந்த ஊட்டுல ஒரு நாள் உக்காந்திருப்பாரு. நினைக்காத நாள் இல்ல." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கீழ் வரிசையைக் காட்டினார். "அந்தக் கடைசி ஊடு தெரியுதா? லயத்துல நம்ம பக்கத்து ஊட்டு சரசு மக புள்ள பெத்து வந்திருக்கா. மழ நேரத்துல போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன். புள்ள தூங்குது, மேடம். இவ்வளவு தண்ணி வாசல்ல நிக்குது, அது பாட்டுக்குத் தூங்குது."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கி எந்த ஊடுன்னு தெரியாம கைய தூக்கினேன். இன்னைக்கித் தெரியும். இன்னைக்கி வந்து கேட்டாலும் தூக்குவேன்."

எங்கள் இயக்குநரை விடப் பெரிய மூளையை நம் துறையில் நான் பார்த்ததில்லை. எந்த வீடு என்று தெரியாமல் இருந்தால்தான் மக்கள் நியாயமாக முடிவெடுப்பார்கள் என்று அவரும் நினைத்தார், நானும் நம்பினேன். தெரிந்த பிறகும் ஒருவர் கை தூக்குவார் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. நீங்கள் திட்டம் எழுதும்போது அதற்கும் கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்கள்.